மணிக்கணக்கைப் பார்க்கிறீர்கள், அறைக்குள் நடப்பதை யார் பார்ப்பது?

போதைச் சிகிச்சை ஆலோசகர்களுக்குப் பயிற்சியும் சான்றும் வழங்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நான் போதைச் சிகிச்சையில் ஆலோசகராக வேலை செய்கிறேன். சில வருடங்களாக, சான்றுக்குத் தயாராகிறவர்களுக்கு மேற்பார்வையும் செய்து வருகிறேன். உங்களிடம் கேட்க என்னிடம் ஒரு விஷயம்தான் இருக்கிறது. பயிற்சியில் இருக்கும் ஒருவர், சிகிச்சைக்கு வந்தவரோடு பேசுவதை, தகுதியுள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்தோ ஒலிப்பதிவிலோ கேட்டிருக்க வேண்டும். பெயருக்கு ஒருமுறை கேட்டால் போதாது, பயிற்சிக் காலம் முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்கப்படாத யாருக்கும் சான்று கொடுக்காதீர்கள்.

இன்றைய விதிகளின்படி அப்படிக் கொடுக்க முடிகிறது. அதனால்தான் இந்த மடல். அமைப்புக்கு அமைப்பு எண்கள் மாறும், ஆனால் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான்: இத்தனை மணி வகுப்பு, இத்தனை மணி வேலை அனுபவம், மேற்பார்வையாளரின் கையெழுத்து, கடைசியில் ஒரு தேர்வு. வேலை அனுபவம் சில இடங்களில் 2000 மணி, சில இடங்களில் 6000 மணி. முழுநேர வேலையில் 6000 மணி என்றால் சுமார் மூன்று வருடம். தேர்வு என்பது பல இடங்களில் 150 கேள்விகள், கொடுத்திருக்கும் விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்தவர், அவர் பேசுவதை யாரும் ஒரு தடவைகூடக் கேட்காமலேயே சான்று வாங்கிவிடலாம். நான் பயிற்சியில் இருந்த இடத்தில் அப்படித்தான் நடந்தது. மாதக் கடைசியில் படிவம் வரும், கையெழுத்து விழும். அறைக்குள் நான் என்ன பேசினேன் என்பது, நானாகச் சொன்னதைத் தவிர, யாருக்கும் தெரியாது.

வகுப்பும் தேர்வும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த வேலையில் தெரியாமை உயிரை எடுக்கும். தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு நாளிலிருந்து நான்கு நாளுக்குள் உடல் நடுங்கி, புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் நிலைக்குப் போகலாம். அந்த நிலையில் மருத்துவம் கிடைக்காவிட்டால் இறந்துபோகவும் கூடும். "இன்றைக்கே நிறுத்திவிடுகிறேன்" என்று ஒருவர் உறுதியோடு சொல்லும்போது, அவரைப் பாராட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பும் ஆலோசகர் ஆபத்தானவர். முதலில் மருத்துவரிடம் அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். அதே மாதிரி, ஹெராயின் பழக்கத்தில் இருந்தவர் சில வாரங்கள் நிறுத்தியிருந்தால் அவர் உடலின் தாங்கும் சக்தி குறைந்துபோயிருக்கும். பழைய அளவையே திரும்ப எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். சிகிச்சை முடிந்து வெளியே போகும் முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஆபத்தான நேரம். குடும்பத்தார் "குணமாகிவிட்டார்" என்று நிம்மதியாக இருக்கும் நேரமும் அதுதான். இதைப் பற்றியும், அப்படி மூச்சு நிற்கும்போது உயிரைக் காக்கக் கொடுக்கும் நாலோக்சோன் மருந்தைப் பற்றியும் அவர்களிடம் பேசாமல் ஒருவரை வெளியே அனுப்பக் கூடாது. இதையெல்லாம் வகுப்பில்தான் சொல்லிக்கொடுக்க முடியும், தேர்வில் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் தெரிந்திருப்பது ஒன்று, எதிரில் இருப்பவரிடம் அதைச் செய்வது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத் தேர்வுத்தாள் காட்டாது.

நான் மேற்பார்வை செய்யும்போது அடிக்கடி பார்ப்பதைச் சொல்கிறேன். பயிற்சியில் இருக்கும் ஒருவரின் (அவரைப் பயிற்சியாளர் என்றே சொல்கிறேன்) குறிப்பேட்டில் இப்படி இருக்கும்: "குடியின் விளைவுகள் குறித்து விவாதிக்கப்பட்டது. மாற்றத்துக்கான தயார்நிலை குறைவு. மறுப்பு நிலையில் இருக்கிறார்." படித்தால் குறை சொல்ல எதுவும் இல்லை. அப்புறம் ஒலிப்பதிவைக் கேட்டால், முக்கால்வாசி நேரம் பயிற்சியாளர்தான் பேசியிருப்பார். எதிரில் இருப்பவர் "ராத்திரி தூக்கம் வராமத்தான் குடிக்கிறேன்" என்று சொல்லியிருப்பார். ஒரு கதவு திறந்த மாதிரி அது. தூக்கம் எப்போது போனது, ஏன் போனது, குடிக்காத ராத்திரிகள் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாகக் கல்லீரலைப் பற்றி ஐந்து நிமிடம் விளக்கம் வரும். கேட்டவர் "சரிங்க, சரிங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். குறிப்பேட்டில் அது அவருடைய மறுப்பாகப் பதிவாகிறது. அடுத்த வாரம் அவர் வராமல் போனால் அதுவும் அவர் கணக்கில்தான் எழுதப்படும்.

இந்தப் பயிற்சியாளர்கள் அக்கறை இல்லாதவர்கள் கிடையாது. அக்கறை அதிகம் இருப்பதால்தான் விளக்கம் சொல்கிறார்கள், அறிவுரை சொல்கிறார்கள், பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள் என்கிறார்கள். ஒருவர் அழிவதைப் பார்க்கும்போது அவரைப் பிடித்து நிறுத்தத் தோன்றுவது இயல்பு. அதை அடக்கிக்கொண்டு கேட்பதற்குத்தான் பழக்கம் வேண்டும். ஒருவர் தன் வாயாலேயே "மாற வேண்டும்" என்ற பக்கம் வருகிறவரை பொறுமையாக இருப்பது எளிதாக வராது. தான் அதிகம் பேசுகிறோம் என்று பேசுகிறவருக்கே தெரியாது. வேறொருவர் கேட்டுச் சொன்னால்தான் தெரியும்.

இது என் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்வதல்ல. 1980ல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வை நீங்கள் அறிவீர்கள். ஒன்பது ஆலோசகர்களின் அமர்வுகளை, ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடி வழியாக மேற்பார்வையாளர்கள் கவனித்து, எதிரில் இருப்பவரைப் புரிந்துகொள்ளும் திறனை வைத்து ஒவ்வொருவரையும் வரிசைப்படுத்தினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, யாரிடம் போனவர்கள் குடியைக் குறைத்தார்கள் என்பதில் இருந்த வேறுபாட்டில் மூன்றில் இரண்டு பங்கு அந்த வரிசையோடு ஒத்துப்போனது. எல்லா ஆலோசகர்களும் ஒரே சிகிச்சை முறையைத்தான் கற்றிருந்தார்கள். 1993ல் மில்லர், பெனிஃபீல்ட், டோனிகன் மூவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. ஆலோசகர் எவ்வளவுக்கு எதிர்த்து வாதாடினாரோ, அவ்வளவுக்கு அந்த நபர் ஒரு வருடம் கழித்து அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார். ஆக, ஆலோசகரின் பேச்சு பயனற்றுப் போவதோடு நிற்பதில்லை, கெடுதலும் செய்யக்கூடும். எந்த ஆலோசகர் கெடுதல் செய்கிறார் என்பது அறைக்குள் பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது.

பயிற்சி வகுப்பு அதைச் சரிசெய்துவிடும் என்று நாம் நம்புகிறோம். 2001ல் மில்லரும் மவுன்ட்டும் செய்த சிறிய ஆய்வில், எதிர்த்து வாதாடாமல் பேசும் முறையைப் பயிலரங்கில் கற்றவர்கள், அது தங்களுக்கு நன்றாக வந்துவிட்டது என்று எழுதிக்கொடுத்தார்கள். அவர்களுடைய ஒலிப்பதிவுகளில் தெரிந்த மாற்றமோ மிகச் சிறியது. 2004ல் 140 பேரை வைத்துச் செய்த ஆய்வு இதைத் தெளிவாக்கியது. பயிலரங்கு மட்டும் முடித்தவர்களின் திறன் நான்கு மாதத்துக்குள் தேய்ந்துவிட்டது. தங்கள் அமர்வின் ஒலிப்பதிவை அனுப்பி, அதைக் கேட்ட ஒருவரிடமிருந்து கருத்தோ வழிகாட்டலோ பெற்றவர்களிடம் அது தங்கியது. நீங்கள் தொடர்கல்வி என்று மணிக்கணக்கில் வாங்கச் சொல்வது முக்கியமாக எதை? தேய்ந்துபோகும் அந்த முதல் வகையைத்தானே?

இன்னொரு விஷயம், எழுதவே கஷ்டமாக இருக்கிறது. முதல் மதிப்பீட்டுப் படிவத்தில் தற்கொலை எண்ணம் உண்டா என்று ஒரு வரி இருக்கிறது. போதைச் சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் அதைக் கேட்காமல் விடவே கூடாது. நான் பார்த்த படிவங்களில் எல்லாம் "இல்லை" என்று குறிக்கப்பட்டிருந்தது. ஒலிப்பதிவுகளைக் கேட்க ஆரம்பித்த பிறகுதான், சில பயிற்சியாளர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்று தெரிந்தது. சிலர் "அப்படியெல்லாம் எண்ணம் ஒன்றும் இல்லையே?" என்று கேட்டிருந்தார்கள். அப்படிக் கேட்டால் யார் உண்டு என்று சொல்வார்கள்? எப்படிக் கேட்பது என்று அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை. அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லவே பயந்தார்கள். நாலைந்து முறை கூட உட்கார்ந்து பழகிய பிறகு தெளிவாக, நிதானமாகக் கேட்டார்கள். தேர்வில் இதைக் கேட்டிருந்தால் அத்தனை பேரும் சரியான விடையைத்தான் குறித்திருப்பார்கள்.

மருந்து விஷயமும் இப்படித்தான். ஹெராயின் போன்றவற்றின் பழக்கத்துக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் மெத்தடோனையும் புப்ரெனார்ஃபினையும் உலக சுகாதார நிறுவனம் 2005லேயே அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது. போதைப்பொருளை அதிக அளவில் எடுப்பதால் வரும் மரணங்களை அவை குறைக்கின்றன என்பதை எல்லோரும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் அறைக்குள், "எத்தனை நாளைக்கு இந்த மருந்தையே நம்பி இருப்பீங்க?" என்ற ஒரு வரி தானாக வந்து விழுந்துவிடும். அந்த ஒரு வரியைக் கேட்டு மருந்தை நிறுத்துகிறவர் உண்டு. நிறுத்தியவருக்கு என்ன ஆகலாம் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்பதையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டியிருக்கிறது. 1950களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வில்மர் அரசு மருத்துவமனையில், குடியிலிருந்து மீண்டவர்களையே ஆலோசகர்களாகச் சம்பளத்துக்கு வைத்தார்கள். பட்டம் இல்லாதவர்கள் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவதா என்ற எதிர்ப்பைத் தாண்டித்தான் அது நடந்தது. அவர்கள் மருத்துவர்களோடும் உளவியலாளர்களோடும் ஒரே குழுவில் நின்று வேலை கற்றார்கள். பின்னால் 1970களிலும் 80களிலும் சங்கங்கள், சான்றுகள், தேர்வுகள் எல்லாம் வந்தன. ஒரு காலத்தில் சில இடங்களில், பயிற்சியாளர் ஒரு சிகிச்சை நேர்வை எழுதிக்கொண்டு வந்து, மூத்தவர்கள் முன்னால் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வாய்மொழித் தேர்வு இருந்தது. அதிலும் குறைகள் உண்டு, தேர்வாளருக்குத் தேர்வாளர் மதிப்பெண் மாறும். ஆனால் அதை எடுத்த இடத்தில் வேறு எதை வைத்தோம்? ஆலோசகர் ஒருவரிடம் இருக்க வேண்டிய 123 திறன்களை ஒரு வழிகாட்டி நூல் பட்டியலிடுகிறது. முதல் பரிசோதனையில் தொடங்கிப் பிற துறையினரோடு கலந்தாலோசிப்பது வரை 12 அடிப்படைப் பணிகளை மனப்பாடமாகச் சொல்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை இன்னொரு மனிதரோடு நேருக்கு நேர் செய்ய வேண்டியவை.

மீண்டு வந்தவர்கள் இன்றும் இந்த வேலைக்கு நிறைய வருகிறார்கள், வர வேண்டும். அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே எதிரில் இருப்பவருக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. அதே நேரம், தன் கதையை எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது, யாருக்காகச் சொல்வது என்பது அவர்களுக்கு மிகவும் சிக்கலான கேள்வி. தனக்கு வேலை செய்த வழிதான் எல்லோருக்கும் வழி என்று தோன்றுவதும் உண்டு. கேட்கிற ஒரு மேற்பார்வையாளர் இருந்தால் இதை மென்மையாகப் பேசிச் சரிசெய்யலாம். இல்லாவிட்டால் அவர்களுடைய பலமே அவர்களுக்குச் சுமையாகிவிடும். நீங்கள் வைக்கும் விதி, இத்தனை வருடம் போதையில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. வேலைக்கு வந்த பிறகு அவரை யார் பார்த்துக்கொள்வது என்பது பற்றி எதுவும் சொல்வதில்லை.

சிகிச்சைக்கு வந்தவர் இறந்துபோனால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த வேலையில் அது நடக்கும். முதல் முறை நடக்கும்போது பயிற்சியாளர் தூங்கமாட்டார், கடைசி அமர்வின் ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார். அந்த அமர்வை வேறு யாரும் கேட்டிருக்காவிட்டால், "நீ கேட்க வேண்டியதைக் கேட்டாய், நான் கேட்டேன்" என்று அவரிடம் சொல்ல ஆளில்லை. வெறும் ஆறுதல் அவரிடம் எடுபடாது. நான் பார்த்த நல்ல பயிற்சியாளர்களில் சிலர் இந்த இடத்தில்தான் தொழிலை விட்டுப் போனார்கள். அவர்கள் போனதைப் பற்றி எந்தப் படிவத்திலும் ஒரு கேள்வி இல்லை.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். முதலில் ரகசியம். போதைச் சிகிச்சைக்கு வந்தது வெளியே தெரிந்தால் வேலை போகலாம், குடும்பம் உடையலாம், வழக்கு வரலாம். ஒலிப்பதிவு என்றதும் பயம் வருவது நியாயம். ஆனால் இதற்கு வழி இருக்கிறது. எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், வேண்டாம் என்றால் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், பதிவைப் பூட்டி வைத்து, கேட்டு முடித்ததும் அழிக்க வேண்டும். பதிவே வேண்டாம் என்றால் மேற்பார்வையாளர் அறையின் ஓரமாக உட்காரலாம். காரணத்தைச் சொல்லிக் கேட்டால் மறுப்பவர்கள் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. "இவர் கற்றுக்கொண்டிருக்கிறார், இவருக்கு உதவ இன்னொருவர் கேட்பார்" என்றால் பலருக்கும் அது நிம்மதியாகவே இருக்கிறது.

அடுத்தது நேரமும் பணமும். ஒவ்வொரு அமர்வையும் முழுதாகக் கேட்கச் சொல்லவில்லை. பேச்சின் தரத்தை அளக்கப் பயன்படும் முறைகளே ஒரு அமர்விலிருந்து 20 நிமிடப் பகுதியை எடுத்துத்தான் மதிப்பிடுகின்றன. மாதம் ஒன்றிரண்டு பகுதியைக் கேட்டு, அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினால், நூற்றுக்கணக்கான மணி நேரம் தனியாக வேலை செய்து கற்றுக்கொள்ளாததைக் கற்றுக்கொள்ளலாம். இதற்காக மொத்த மணிக்கணக்கைக் குறைக்க வேண்டியிருந்தால் குறையுங்கள். யாரும் கேட்காத 6000 மணியைவிட, ஒழுங்காகக் கேட்கப்பட்ட 2000 மணி மேல் என்றே நான் நினைக்கிறேன். பயிற்சி மணிகளில் பெரும்பகுதிக்குச் சம்பளமே இல்லாத இடங்களும் உண்டு. அங்கே நீளும் ஒவ்வொரு மாதமும், வீட்டில் காசு இல்லாதவர்களை இந்தத் தொழிலிலிருந்து வெளியே தள்ளுகிறது. அப்படித் தள்ளப்படுகிறவர்களில் பலர், சிகிச்சைக்கு வருகிறவர்களின் வாழ்க்கையை நன்றாக அறிந்தவர்கள்.

ஆகவே, விதிகளை அடுத்து திருத்தும்போது மேற்பார்வையாளர் நிரப்பும் படிவத்தை மாற்றுங்கள். "மேற்பார்வை செய்தேன்" என்ற ஒற்றை வரியை எடுத்துவிட்டு, எந்தத் தேதிகளில் அமர்வை நேரடியாகக் கவனித்தீர்கள், என்ன கேட்டீர்கள், அதற்குப் பிறகு என்ன மாறியது என்று கேளுங்கள். அந்தத் தேதிகள் இல்லாத மணிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மேற்பார்வை செய்கிறவருக்கும் தனிப் பயிற்சி கொடுங்கள். நல்ல ஆலோசகர் என்பதால் மட்டும் ஒருவர் நல்ல மேற்பார்வையாளர் ஆகிவிடமாட்டார். முடிந்தவரை, பயிற்சியாளரின் விடுப்பையும் சம்பளத்தையும் முடிவு செய்கிறவரே மேற்பார்வையாளராகவும் இருக்க வேண்டாம். தன் வேலையைப் பறிக்கக்கூடியவரிடம் யாரும் மனம் திறந்து "எனக்கு இது தெரியவில்லை" என்று சொல்லமாட்டார்கள். மேற்பார்வைக்கான நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிடாத சிகிச்சை மையத்தைப் பயிற்சி மையமாக ஏற்காதீர்கள். சிறிய மையங்களில் தகுதியுள்ளவர் இல்லையென்றால், வெளியிலிருந்து ஒருவர் காணொளியில் மேற்பார்வை செய்ய அனுமதியுங்கள்.

இதைச் செய்யத் தயாராக இருக்கும் மேற்பார்வையாளர்கள் பலரை எனக்குத் தெரியும். படிவத்தின் வரைவை எழுதுவதிலும், அதை முதலில் சில மையங்களில் சோதித்துப் பார்ப்பதிலும் நாங்கள் உங்களோடு உட்காரத் தயார். எப்போது கூப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
போதைச் சிகிச்சை ஆலோசகர், மேற்பார்வையாளர் ஒருவர்